குறட்டை நிற்கும் நேரம்

திருப்பதி யாத்திரையில் ஒரே அறையில் படுக்கும் குடும்பங்களுக்கு விடிய விடிய ஒரு சோதனை. அந்த அறையில் விழித்துக் கிடப்பவருக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

இரவு பதினொன்றரை மணி. திருமலையில் ஓர் அறை. கட்டில்களில் பெரியவர்கள், தரையில் விரித்த ஜமுக்காளத்தில் மற்றவர்கள். ஜன்னல் கம்பியில் ஈர வேட்டி காய்கிறது. புதிதாக மொட்டையடித்த தலைகளில் சந்தனம் இன்னும் உலரவில்லை. விடியற்காலையில் எழுந்து குளித்துத் தயாராக வேண்டும் என்று மூன்று முறை எச்சரித்துவிட்டு ஒருவர் விளக்கை அணைக்கிறார். ஐந்து நிமிட அமைதி. அப்புறம் கட்டிலிலிருந்து அந்தச் சத்தம் கிளம்புகிறது. முதலில் தயங்கித் தயங்கி, தூரத்து வயலில் டீசல் பம்ப் ஸ்டார்ட் ஆவதைப் போல. பிறகு சீராக. பிறகு அறை முழுக்க.

யாரும் பேசுவதில்லை. ஆனால் யாரும் தூங்கவுமில்லை என்பது இருட்டிலும் எல்லோருக்கும் தெரிகிறது. புரண்டு படுக்கும் ஓசை, வளையல் சத்தம், வேண்டுமென்றே ஒரு செருமல். “உங்க அப்பாவைக் கொஞ்சம் திரும்பிப் படுக்கச் சொல்லேன்” என்று மாப்பிள்ளை கிசுகிசுக்கிறார். “நான் எப்படிங்க சொல்றது? அம்மா சொன்னாத்தான் கேப்பாரு” என்கிறாள் மனைவி. அம்மாவோ, முப்பது வருடப் பழக்கத்தில், அந்த அறையில் அயர்ந்து தூங்கும் இரண்டாவது ஆள்.

ஆண்டுக்கு ஒருமுறை வேன் பிடித்துத் திருப்பதி போகும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஊர் எதுவாக இருந்தாலும் கதை இதுதான். உதாரணத்துக்கு சாந்திபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழகமும் கர்நாடகமும் வந்து முட்டும் மூலையில், குப்பத்திலிருந்து பலமனேர் போகும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் பகுதி. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சாந்திபுரம் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே தங்கிவிட்டது. மாவட்டம் பிரிந்தாலும் மலைக்குப் போகும் வழக்கம் பிரியவில்லை. பலமனேர், சித்தூர் வழியாகச் சில மணி நேரப் பயணம். வீட்டில் திண்ணையில் ஒருவர், கூடத்தில் ஒருவர், மாடியில் ஒருவர் என்று சிதறிப் படுப்பவர்கள் மலைமேல் ஒரே அறைக்குள் வந்து சேர்கிறார்கள். மாமாவின் குறட்டை அன்றுதான் ஊரறிய அரங்கேறுகிறது.

அதே சாந்திபுரம், குப்பம் வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பு பரவலான தொழில். கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவத்தில் புழுக்கள் மல்பெரி இலையை ராப்பகலாக மென்று தின்னும். ஓட்டின் மேல் தூறல் விழுவதைப் போன்ற சத்தம் அது. இரவெல்லாம் புழுவுக்கு இலை போட்டுவிட்டு அங்கேயே தலை சாய்ப்பவர்களை அந்தச் சத்தம் எழுப்புவதில்லை. காரணம், அது ஒரே சீரானது. மூளை அதைக் கொஞ்ச நேரத்தில் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. ஓடும் ரயிலில் தூங்குபவர், ரயில் நின்றதும் விழித்துக்கொள்வதும் இதனால்தான். குறட்டை அப்படிப்பட்டதல்ல. ஏறுகிறது, இறங்குகிறது, நடுவில் ஒரு விசில், திடீரென்று ஒரு வெடிப்பு. அடுத்தது எப்போது வரும் என்று காது காத்திருக்கிறது. தூக்கத்தைக் கெடுப்பதில் பாதிப் பங்கு இந்தக் காத்திருப்புக்குத்தான்.

திருமலையில் யாத்ரீகர்களுக்கான இலவசக் கூடங்களில் படுத்தவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருப்பார்கள். பொருள்களை லாக்கரில் பூட்டிவிட்டு நூற்றுக்கணக்கானோர் வரிசையாகப் பாயில் சாய்கிற இடம். அங்கே ஐம்பது குறட்டைகள் ஒன்றாகக் கலந்து ஒரே இரைச்சலாகிவிடுகின்றன. குழந்தை அழுகையும் அறிவிப்புகளும் அதில் கரைந்துபோகின்றன. ஆள் அசந்து தூங்கிவிடுகிறார். பணம் கட்டி எடுத்த தனி அறையில், ஒரே ஒரு குறட்டையோடு அடைபட்டவருக்குத்தான் சிவராத்திரி.

சத்தத்தின் அளவும் சாமானியமானதல்ல. 1993 மே 24 இரவு, ஸ்வீடனின் ஓரெப்ரோ நகர மருத்துவமனையில் காரே வால்கர்ட் என்பவரின் குறட்டையை அளந்தபோது கருவி 93 டெசிபலைத் தொட்டது; கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. மும்முரமான சாலையோரத்தில் நிற்பவர் காதில் விழும் சத்தத்துக்குக் குறையாதது. அவர் மருத்துவமனையில் ஏன் படுத்திருந்தார் என்பது இந்தக் கட்டுரையின் பிற்பகுதிக்குச் சேர வேண்டிய விஷயம்: அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் கோளாறு இருந்தது.

தூக்கம் குடிமகனின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2011 ஜூனில் டில்லி ராம்லீலா மைதானத்தில் நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின் மீது போலீஸ் பாய்ந்த வழக்கில், 2012 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு அது. ஆனால் உரிமையைப் பறிப்பவர் சம்பந்தியாக இருந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அறையில் விழித்திருப்பவர்களின் பிரச்னை சத்தம் மட்டுமல்ல, மரியாதையும்தான். தமிழ்க் குடும்பத்தில் யார் யாரைத் தொட்டு எழுப்பலாம் என்பதற்கு எழுதாத சட்டம் உண்டு. மனைவி கணவனின் விலாவில் இடிக்கலாம். மச்சான் மச்சானின் தலையணையை உருவலாம். “டேய், திரும்பிப் படுடா” என்று அண்ணன் அதட்டலாம். மாப்பிள்ளை மாமனாரைத் தொட முடியாது. மருமகள் மாமனார் பக்கம் திரும்பவே மாட்டாள். சம்பந்தி வீட்டாரோடு போன முதல் யாத்திரையில் குறட்டை பற்றிப் பேச்செடுத்தால், அது தீபாவளிச் சீர்வரை வந்து நிற்கும். ஆகவே எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் வரிசையில் நிற்கும்போது சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார்கள்.

அம்மா தூங்குகிறாரே என்று சொல்வதிலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 10 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குறட்டைக்காரக் கணவருக்குச் சிகிச்சை தந்து சத்தத்தை நிறுத்தியபோது, பக்கத்தில் படுத்த மனைவிக்கு இரவில் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கம் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். பழகிவிட்டது என்று நினைக்கும் பெண்மணிகள் வருடக்கணக்கில் இழந்துகொண்டிருப்பது இந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

குறட்டை எப்படிப் பிறக்கிறது என்பது எளிய சமாச்சாரம். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் முறுக்கோடு நின்று மூச்சுக் குழலின் வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்பக்கம் சரிந்து வழியைக் குறுக்குகிறது. குறுகிய வழியில் காற்று வேகமாக நுழையும்போது மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் உள்நாக்கும் கொடியில் காயும் துணியைப் போலப் படபடக்கின்றன. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு, மூக்கு அடைத்தவர்களுக்கு, தாடை உள்வாங்கியவர்களுக்கு வழி முன்னமே குறுகல். வயதாக ஆகத் தசையும் தளர்ச்சி.

யாத்திரையில் இது அதிகமாவதற்கும் காரணங்கள் இருக்கின்றன. முந்தைய இரவு சரியாகத் தூங்காமல் கிளம்பிய உடம்பு. அலிபிரியிலிருந்து நடந்து ஏறியவர் என்றால் 3,550 படிகள். வரிசையில் பல மணி நேரம். இப்படிக் களைத்த உடம்பில் தசைகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தளர்கின்றன. நேரங்கெட்ட நேரத்தில் வயிறு முட்டச் சாப்பாடு. மலைக்காற்றில் மூக்கடைப்பு. தலையணைக்குப் பதிலாகத் துண்டுச் சுருட்டல். நெருக்கியடித்துப் படுப்பதால் ஒருக்களிக்க இடமின்றி எல்லோரும் மல்லாந்தபடி. திருமலையில் மது கிடையாது என்பதால் ஒரு காரணம் குறைகிறது. ஊட்டிக்கும் கோவாவுக்கும் நண்பர்களோடு போகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பகலில் சத்தமில்லாமல் தூங்குகிறவரும் இரண்டு பெக் உள்ளே போனால் இரவில் ரம்பம் அறுப்பார். மது தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்துகிறது. தூக்க மாத்திரையும் அதையே செய்யக்கூடும்.

சுமார் 2,800 அடி உயரத் திருமலையைப் பற்றிக் கவலை வேண்டாம். லே போன்று 11,000 அடிக்கு மேல் உள்ள ஊர்களில் விஷயம் வேறு. அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவதால், ஆரோக்கியமானவர்களுக்கே தூக்கத்தில் மூச்சு வேகமெடுத்து, மெலிந்து, சில விநாடி நின்று மீண்டும் தொடங்கும். ஏற்கெனவே குறட்டைக்காரராக இருப்பவர் அங்கே போகுமுன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, அந்த ஓர் இரவை எப்படிக் கடப்பது? வழக்கமான வைத்தியம் காதில் பஞ்சு. அதனால் அதிகப் பயனில்லை. பஞ்சு காற்றைத் தடுக்குமே தவிரச் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் நுரை அடைப்பான்கள் உபயோகமானவை. விரலால் உருட்டி மெலிதாக்கி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் காது வாசலில் செருகி வைத்துவிட்டுப் பயனில்லை என்று திட்டுகிறார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் அலாரத்தை நம்பியிருப்பவர்களும் ஒரு காதை மட்டும் அடைத்துக்கொண்டு, அடைக்காத காதைத் தலையணையில் புதைத்துக்கொள்ளலாம். காது வலி, சீழ் இருப்பவர்களுக்கு இது ஆகாது.

மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பது அடுத்த உபாயம். குளிர்ந்தால் போர்த்திக்கொள்ளலாம், அதன் சீரான இரைச்சல், பட்டுப்புழுச் சத்தத்தைப் போல, குறட்டையின் ஏற்ற இறக்கங்களை ஓரளவு விழுங்கிவிடும். படுக்கிற வரிசையும் முக்கியம். லேசான தூக்கக்காரர்கள் முதலில் படுத்துத் தூங்கட்டும். குறட்டைக்காரர் அரை மணி நேரம் கழித்து வரட்டும். ஆழ்ந்த உறக்கத்தில் விழுந்தவரை எழுப்புவது கடினம். அதுவரை அவர் வெளியே உட்கார்ந்து மறுநாள் செலவுக் கணக்கைப் பார்க்கலாம். தன் குறட்டையைத் தானே ஒப்புக்கொண்டு, “நீங்கள்லாம் முதல்ல தூங்குங்க, நான் அப்புறம் வரேன்” என்று சொல்லும் பெரியவர் எந்தக் குடும்பத்திலும் மதிக்கப்படுகிறார்.

ஒருக்களித்துப் படுக்க வைப்பது எல்லாவற்றையும்விடப் பலன் தருவது. ஆனால் தூக்கத்தில் மனிதன் மல்லாந்துவிடுவான். பனியனின் முதுகுப் பக்கத்தில் ஒரு பையைத் தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போட்டு வைப்பது பல நாட்டு டாக்டர்கள் சொன்ன யோசனை. மல்லாந்தால் பந்து உறுத்தும், தானாகத் திரும்பிவிடுவார். மலையில் பந்துக்கு எங்கே போவது? முதுகுக்குப் பின்னால் துணிப்பையை அண்டக் கொடுத்தாலும் வேலை நடக்கும். மாமனாரைத் தொடத் தயங்கும் மாப்பிள்ளைகூட, “பை கீழே கிடந்தா எலி வரும் மாமா, உங்க பக்கத்துல வெச்சிடறேன்” என்று வைத்துவிடலாம்.

இதுவரை பேசியது தூங்க முடியாதவர்களின் கஷ்டம். தூங்குகிறவரின் கஷ்டம் இனிமேல்தான்.

நள்ளிரவுக்குப் பின் ஒரு கட்டத்தில் குறட்டை திடீரென்று நிற்கும். அறையில் விழித்திருப்பவர்கள் “அப்பாடா” என்று கண்ணை மூடுவார்கள். கண்ணை மூடக் கூடாத நேரம் அதுதான். சும்மா நின்றதா, திரும்பிப் படுத்ததால் நின்றதா, அல்லது மூச்சே நின்றதா என்று கவனிக்க வேண்டும். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்க முயல்கின்றன, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று போகவில்லை. பத்து விநாடி. இருபது விநாடி. சிலருக்கு அதற்கும் மேல். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குபவரைப் போல ஒரு பெரிய திணறல், உடம்பு ஒரு குலுக்கல், மீண்டும் குறட்டை. சில நிமிடத்தில் மறுபடியும் அதே மௌனம்.

இதற்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை, ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தொண்டை வழி குறுகுவதோடு நிற்காமல் முழுக்க மூடிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் ஆளை ஒரு கணம் தட்டி எழுப்புகிறது. தசைகள் இறுகுகின்றன, வழி திறக்கிறது. அவருக்கு எதுவும் நினைவிருக்காது. குறைந்தது 10 விநாடி நீடிக்கும் தடைகளையே கணக்கில் எடுக்கிறார்கள். முழுத் தடையும் அரைகுறைத் தடையும் சேர்த்து மணிக்கு 5-க்கு மேல் போனால் அது சாதாரணமல்ல. 30-ஐத் தாண்டினால் தீவிரம். மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் விழித்தெழுகிறார் என்று பொருள். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்காதவர் அவர். “குறட்டை விட்டுத் தூங்குகிறான்” என்று நிம்மதிக்கு அடையாளமாகச் சொல்கிறோமே, அந்த வழக்கு இவரைப் பொறுத்தவரை தலைகீழ்.

விளைவுகள் பகலில் தெரியும். காலையில் தலைவலி, உலர்ந்த வாய், மறதி, எரிச்சல், பஸ்ஸில் ஏறியதும் தூக்கம். மாத்திரைக்கு மசியாத ரத்த அழுத்தம். இதயத் துடிப்பில் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. 2022 பிப்ரவரி 15 இரவு மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 69 வயதில் இறந்தபோது, பல உடல் உபாதைகள் இருந்த அவருடைய மரணத்துக்கு இந்த மூச்சுத் தடையைத்தான் மருத்துவமனை காரணமாகச் சொன்னது. நாட்டில் பலர் இந்த நோயின் பெயரை முதல்முறையாகக் கேட்டது அன்றுதான்.

அரிதான நோயும் அல்ல. மும்பையில் 35 முதல் 65 வயதுவரையான ஆண்களிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், 19.5 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறும், 7.5 சதவீதம் பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய முழு நோயும் இருப்பது தெரிந்தது. ஒரு வேனில் பெரிய ஆண்கள் பத்துப் பேர் இருந்தால் இருவருக்கேனும் இருக்க வாய்ப்புண்டு என்று கொள்ளலாம். பெண்கள் தப்பித்தவர்கள் அல்ல. மாதவிடாய் நின்றபிறகு அவர்களுக்கும் அபாயம் ஏறுகிறது. பெண் குறட்டை விடுகிறாள் என்று சொல்வதே அவமானம் எனக் கருதி வீட்டார் மறைப்பதால் டாக்டரிடம் போவது இன்னும் தாமதமாகிறது. குழந்தை தினமும் வாய் திறந்து குறட்டை விட்டால் அழகு பார்க்காமல் தொண்டைச் சதையையும் மூக்கடிச் சதையையும் காட்ட வேண்டும்.

இலக்கியம் இதை மருத்துவத்துக்கு முன்பே கண்டுகொண்டது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்ற பருத்த பையன் நின்றபடியே தூங்கிவிடுவான், குறட்டையும் விடுவான். 1956-ல் அமெரிக்க டாக்டர்கள் இதை ஒத்த ஒரு நோய்க்கு ‘பிக்விக்’ பெயரையே வைத்தார்கள். நம்மிடம் கும்பகர்ணன் இருக்கிறான். பேருடம்பு, ஓயாத தூக்கம், எழுப்ப யானையும் முரசும். இன்றைய டாக்டர் பார்த்திருந்தால் முதலில் டேப்பை எடுத்து அவன் கழுத்தை அளந்திருப்பார். சும்மா சொல்வதல்ல, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்பது, கனடாவின் டொரன்டோவில் உருவாகி உலகெங்கும் புழங்கும் எட்டுக் கேள்விப் பட்டியலில் ஒன்று. மற்றவை: மூடிய கதவுக்கு வெளியேயும் கேட்கும் குறட்டையா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா, மிகுந்த பருமனா, வயது 50-ஐத் தாண்டியதா, ஆணா. மூன்றுக்கு ‘ஆம்’ என்றாலே சோதித்துப் பார்ப்பது நல்லது.

இந்த எட்டில் ஒன்றுக்கு நோயாளியால் பதில் சொல்லவே முடியாது. தூக்கத்தில் மூச்சு நின்றதா என்பதற்குச் சாட்சி வேண்டும். தனியாகப் படுப்பவர்களுக்கு, மனைவியை இழந்தவர்களுக்கு, சத்தம் தாங்காமல் மனைவி அடுத்த அறைக்குப் போய்விட்ட வீடுகளில், அந்தச் சாட்சி வருடம் முழுக்கக் கிடையாது. யாத்திரையில் மட்டும்தான் அறை நிறையச் சாட்சிகள் இருக்கிறார்கள். எப்படியும் தூக்கம் போய்விட்டது. கைக்கெட்டும் தூரத்தில் செல்போன் இருக்கிறது. குறட்டையை, முக்கியமாக அந்த மௌனத்தையும் அதன் பின் வரும் திணறலையும், ஐந்து நிமிடம் பதிவு செய்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிக்க அல்ல. அப்படிப் போட்டதால் வெட்கப்பட்டு அதன்பின் யாரோடும் வெளியூரே போகாதவராக மாமா ஆகிவிட்டால் சாட்சியும் போச்சு, சிகிச்சையும் போச்சு.

சிகிச்சையின் கதை சுவாரஸ்யமானது. 1980 வாக்கில்கூடத் தீவிர நோயாளிக்கு டாக்டர்களிடம் இருந்த உறுதியான வழி கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், காற்றை ஊதும் மோட்டார் ஒன்றைக் குழாய் மூலம் நோயாளியின் மூக்கோடு இணைத்தார். மெல்லிய காற்றழுத்தம் தொண்டை மூடாமல் முட்டுக்கொடுத்தது. ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை 1981 ஏப்ரலில் ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள். இன்று சிறு பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்ட ‘சிபேப்’ கருவியின் மூலம் அதுதான். போட்ட முதல் இரவே குறட்டை அடங்குவதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

சங்கடம் என்னவென்றால், வீட்டில் ஒழுங்காகக் கருவி போடுகிறவர்கள்கூட உல்லாசப் பயணத்தில் அதை விட்டுவிட்டு வருகிறார்கள். முகமூடியோடு சம்பந்தி முன்னால் படுக்க வெட்கம். பாயில் படுக்குமிடத்தில் பிளக் பாயிண்ட் இருக்காது என்ற கவலை. இரண்டாவதற்கு நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி போதும். முதலாவதற்கு, குறட்டைச் சத்தத்தைவிட முகமூடியின் காட்சி அறையில் உள்ளவர்களுக்கு எவ்வளவோ இதமானது என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கருவி ஒத்துவராதவர்களுக்குக் கீழ்த்தாடையைச் சற்று முன்னே இழுத்து நிறுத்தும் பல்செட் போன்ற சாதனம், தேர்ந்தெடுத்த சிலருக்கு அறுவைச் சிகிச்சை. பருமனானவர்களுக்கு எடைக் குறைப்பு. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் டிர்செபடைட் என்ற ஊசி மருந்துக்கு, பருமனோடு கூடிய மூச்சுத் தடைக்கென்றே அனுமதி தரப்பட்டது. டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாத மருந்து. வேடிக்கையான சிகிச்சையும் உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை நான்கு மாதம் பயின்றவர்களுக்கு மேல்தொண்டைத் தசைகள் பயிற்சி பெற்று நோய் குறைந்ததாக, 25 பேரை வைத்து சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2006-ல் எழுதினார்கள். 2017-ல் அவர்களுக்கு இக்நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது, பிரிவு, அமைதி. நாகஸ்வரத்தை வைத்து யாராவது முயலலாம். பக்கத்து அறைக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நோயை உறுதி செய்ய ஓர் இரவு தூங்கினால் போதும். மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு, மூளை அலை ஆகியவற்றைப் பதிவு செய்யும் சோதனை அது. குப்பம், சாந்திபுரம் பக்கத்தவர்கள் பெரிய வைத்தியத்துக்கு வழக்கமாக ஓடும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பெங்களூர் நிம்ஹான்ஸிலும் இதற்கு வசதி உண்டு. முதலில் பக்கத்து ஊரில் காது மூக்குத் தொண்டை டாக்டரையோ நெஞ்சக நோய் டாக்டரையோ பார்க்கலாம்.

இன்னொருவரைப் பற்றி அறைக்குள் யாரும் யோசிப்பதில்லை. வேனை ஓட்டி வந்தவர். பெரும்பாலும் அவர் வண்டி சீட்டைச் சாய்த்துக் கீழே பார்க்கிங்கில் படுத்திருப்பார். அல்லது அறை வாசலில் ஒரு துண்டை விரித்து. அவர் குறட்டையை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் “பாவம், அலுப்பு” என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த வண்டியில் இருக்கும் அத்தனை பேரின் உயிரும் அடுத்த நாள் அவர் கண்ணிமையில் தொங்குகிறது. 1944-ல் திறந்த முதல் மலைப்பாதை வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, பிறகு சித்தூர், பலமனேர் என்று மதிய வெயிலில் நேர்சாலையில் போக வேண்டும். வளைவுகளில் எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள், டிரைவர் உட்பட. சாப்பாட்டுக்குப் பிந்தைய நேர்சாலையில்தான் கண் செருகும். மூச்சுத் தடை உள்ள டிரைவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதை உலகெங்கும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேன் வாடகை பேசும்போது ஏசி உண்டா என்று கேட்பவர்கள், டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்றும் கேட்கலாம். அவரும் திணறித் திணறித் தூங்குகிறவர் என்று தெரிந்தால், அவசரமாகக் கிளப்பாமல் இன்னும் இரண்டு மணி நேரம் விடுவது தரிசன டிக்கெட்டைவிட மதிப்புள்ளது.

திருமலையில் சுவாமிக்கே தூக்கம் சில மணி நேரம்தான். நள்ளிரவு வாக்கில் ஏகாந்த சேவை. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் பரம்பரையில் வந்தவர் தாலாட்டுப் பாட, தொங்கும் கட்டிலில் போக சீனிவாசர் சயனிக்கிறார். அதிகாலை மூன்று மணி வாக்கில் சுப்ரபாதம். மார்கழியில் அதற்குப் பதில் திருப்பாவை. ஒலிபெருக்கியில் அந்தக் குரல் காற்றில் வரும்போது அறையில் விளக்கு எரிகிறது. இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் சிவந்த கண்களோடு துண்டைத் தேடுகிறார்கள். கட்டிலில் மாமா எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொள்கிறார்.

“ராத்திரி பூரா சரியாத் தூக்கமே இல்ல மாப்பிள்ளை.”

அறையில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மருமகள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மணியிலிருந்து அவர் விநாடி எண்ணிக்கொண்டிருந்தவர்.

“மாமா, தினமும் காலைல எழுந்ததும் இப்படித்தான் தலை கனமா இருக்குமா?”

“ஆமா, ரெண்டு மூணு வருஷமாவே. உங்களுக்கு எப்படித் தெரியும்?”